சுப்பீரியருக்குத் தேன் ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மாணவர் பகுதியில் ‘சுப்பீரியர்’ என்ற ஆங்கிலச் சொல்லை விளக்கியிருந்தீர்கள். அதற்குப் பின்னால் ‘தேன்’ (than) வராது, ‘டு’தான் (to) வரும் என்று எழுதியது மிகச் சரி. எங்கள் ஆங்கில வாத்தியார் இதையே “சுப்பீரியருக்குத் தேன் ஆகாதுலே” என்று சொல்லிக்கொடுப்பார். விதியில் எனக்குப் புகார் இல்லை. பொருள் எழுதிய இடத்தில்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. ‘சிறந்த, உயர்தரமான’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டீர்கள். நான் கருவூலத்தில் பென்ஷன் கோப்புகளோடு காலத்தைக் கழித்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். இந்தச் சொல்லை நான் பார்த்த பல இடங்களில் அதற்கும் சிறப்புக்கும் சம்பந்தமே கிடையாது.

‘சூப்பர்’ என்றால் லத்தீனில் ‘மேலே’ என்று பொருள். நம் ஊரில் சாம்பாருக்கும் சினிமாவுக்கும் போடுகிற அதே சூப்பர்தான். அதிலிருந்து வந்த ‘சுப்பீரியர்’ என்பதற்கு ‘இன்னும் மேலே இருப்பது’ என்று பொருள். ஒப்பிடுகிற வேலை சொல்லுக்குள்ளேயே முடிந்துவிட்டது. அதனால்தான் ‘மோர் சுப்பீரியர்’ என்று எழுதினால் வாத்தியார் சுழித்துவிடுவார். சீனியர், ஜூனியர், இன்ஃபீரியர் எல்லாம் இதே குடும்பம். 14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்த சொல் இது.

‘டு’ போடும் விதியை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்யவே வேண்டாம் என்பது என் கட்சி. “பட்டினி கிடப்பதற்கு இந்தக் கஞ்சி எவ்வளவோ மேல்” என்று வீட்டில் பேசுகிறோமே, அங்கே வருகிற ‘கு’தான் இங்கே ‘டு’. ‘சுப்பீரியர் டு’ என்றால் ‘-க்கு மேல்’. இப்படிச் சொன்ன பிறகு என் பேரன் அந்த வாக்கியத்தில் தப்பு விடுவதில்லை. ‘சீனியர் டு’ வந்தால் மட்டும் இன்னும் தடுமாறுகிறான்.

‘மேல்’ என்ற சொல்லைப் பிடித்தால் பொருளும் கூடவே வந்துவிடும். தமிழிலும் அது முதலில் இடத்தைத்தான் சொல்கிறது. மேல்மாடி, மேல்துண்டு, மேல்கரை. மேல்மாடி கீழ்வீட்டைவிடச் சிறந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கோடையில் தொட்டித் தண்ணீர் கொதிக்கும்போது குடியிருக்கிறவர்களைக் கேட்டால் தெரியும். பிறகு அதே சொல் பதவிக்குப் போகிறது: மேலதிகாரி. அப்புறம்தான் குணத்துக்கும் தரத்துக்கும் வருகிறது: மேலோர், மேலானது. ஆங்கிலத்திலும் இதே மூன்று அடுக்குகள் உண்டு. நீங்கள் மூன்றாவதை மட்டும் கொடுத்து முதல் இரண்டையும் விட்டுவிட்டீர்கள். பிளஸ் டூ உயிரியல் எடுக்கிற மாணவனுக்கு அந்த முதல் அடுக்குதான் தினமும் தேவைப்படுகிறது.

பூசணிக்கொடியில் பெண்பூவைப் பார்த்திருப்பீர்கள். இதழ்களுக்குக் கீழே குண்டாக ஒரு பிஞ்சு இருக்கும். அதுதான் பூவின் சூற்பை. மற்ற பாகங்களுக்குக் கீழே இருப்பதால் தாவரவியலில் அதற்கு ‘இன்ஃபீரியர் ஓவரி’ என்று பெயர். கொய்யாவும் வாழையும் அப்படித்தான். கத்தரியிலும் தக்காளியிலும் சூற்பை மேலே இருப்பதால் அவை ‘சுப்பீரியர்’. உங்கள் அகராதிப்படி பார்த்தால் கத்தரிக்காய் சிறந்த சாதி, வாழைப்பழம் மட்டமான சாதி என்றாகும். வாழைத் தோட்டம் வைத்திருக்கிற எங்கள் தாமிரவருணிக் கரைக்காரர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். நல்லவேளை, நம் பாடநூலில் மேல்மட்டச் சூற்பை, கீழ்மட்டச் சூற்பை என்றே தமிழாக்கியிருக்கிறார்கள்.

உடம்பிலும் இப்படித்தான். தலை, கழுத்து, கைகளிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய ரத்தக்குழாய் ‘சுப்பீரியர் வீனா கேவா’. வயிறு, கால்களிலிருந்து கொண்டுவருவது ‘இன்ஃபீரியர்’. இரண்டில் பெரியது எது என்றால், அந்த இன்ஃபீரியர்தான். மனிதன் நிமிர்ந்து நிற்பதால் வந்த பெயர்கள் இவை. எங்கள் தெருவில் ஒரு கால்நடை மருத்துவர் இருக்கிறார். அவரிடம் கேட்டபோது, “அண்ணாச்சி, மாட்டுக்கு அதெல்லாம் கிடையாது. நாலு கால்ல நிக்கிறதுக்கு எது மேல, எது கீழ? தலைப்பக்கம், வால்பக்கம்னுதான் எங்க புஸ்தகத்துல இருக்கு” என்றார். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியும் பெயரளவில் ‘மேல் ஏரி’தான். பிரெஞ்சுக்காரர்கள் ஹியூரான் ஏரிக்கு மேலே இருப்பதால் அப்படி அழைத்தார்கள். பரப்பளவில் அதுவே உலகின் மிகப்பெரிய நன்னீர் ஏரியாக, சுமார் 82,000 சதுர கிலோமீட்டராக, இருப்பதால் ‘சிறந்த ஏரி’ என்று பலர் பொருள் கொள்கிறார்கள். வானவியலிலும் பூமியின் பாதைக்கு வெளியே சுற்றுகிற செவ்வாய், வியாழன், சனி ஆகியவை ‘சுப்பீரியர்’ கோள்கள். உள்ளே சுற்றுகிற புதனும் வெள்ளியும் ‘இன்ஃபீரியர்’. சனியைச் சிறந்தவர் என்று சொன்னால் ஏழரையில் இருக்கிறவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

இரண்டாவது அடுக்கு பதவி. என் பதவியான ‘சூப்பரின்டெண்ட்’ கூட அந்த ‘சூப்பர்’ வழி வந்ததே, மேலிருந்து பார்த்துக்கொள்பவன். சூப்பர்வைசரும் அவ்வாறே. உங்கள் பத்திரிகையில் தினமும் விலை போடுகிறீர்களே, சவரன், அதுவும் தூரத்துச் சொந்தம்தான். ‘சாவரின்’ என்ற ஆங்கிலச் சொல் நம் நாக்கில் சவரன் ஆனது. எல்லோருக்கும் மேலே இருக்கிற அரசர் என்ற பொருளில் அந்த ஆங்கிலச் சொல்லும் ‘சூப்பர்’ என்ற வேரிலிருந்து முளைத்தது. அரசர் பெயர் காசுக்கு வந்து, காசின் பெயர் எட்டு கிராமுக்கு வந்து நிற்கிறது.

எங்கள் பாளையங்கோட்டையில் கன்னியர் மடங்களுக்குக் குறைவில்லை. அங்கே ‘மதர் சுப்பீரியர்’ என்பவர் மடத்தின் தலைவி. மற்ற சகோதரிகளைவிடப் பக்தியில் சிறந்தவர் என்று அர்த்தமில்லை. பதவிக்காலம் முடிந்ததும் இன்னொரு மடத்துக்குப் போய், வேறொரு சுப்பீரியருக்குக் கீழே சாதாரணச் சகோதரியாக இருப்பார். அந்தச் சொல் அப்படி நாற்காலியோடு நிற்கிறவரை யாருக்கும் தொந்தரவில்லை.

நாற்காலியை விட்டுவிட்டு ஆளோடு ஒட்டிக்கொண்ட கதைதான் நான் எழுத வந்தது.

வெள்ளைக்காரன் காலத்தில் பென்ஷன் விதிகள் சர்க்கார் வேலையை இரண்டாகப் பிரித்தன: ‘சுப்பீரியர் சர்வீஸ்’, ‘இன்ஃபீரியர் சர்வீஸ்’. கலெக்டர் சுப்பீரியர். அவர் முன்னால் கை கட்டி நிற்கிற குமாஸ்தாவும், பென்ஷன் கணக்கில், சுப்பீரியர்தான். பியூன், டவாலி, காவல்காரர் போன்றவர்கள் இன்ஃபீரியர். என் தாத்தா ஒரு சர்க்கார் ஆபீசில் டவாலியாக இருந்தவர். துரை கோர்ட்டுக்குப் போனாலும் கேம்ப் போனாலும் பித்தளை வில்லை போட்ட பட்டையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு முன்னால் நடப்பார். ஓய்வு பெறும்போது கொடுத்த காகிதத்தில் டைப் அடித்திருந்தது: ‘இன்ஃபீரியர் சர்வீஸ்’. தாத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது. சர்க்கார் முத்திரை இருந்ததால் அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார். என் அப்பாவுக்குப் படிக்கத் தெரியும். ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் தாத்தாவிடம் சொல்லவே இல்லை. பிற்காலத்தில் கருவூலத்தில் பழைய கோப்புகளைப் புரட்டும்போது அதே இரண்டு சொற்கள் பெயர் பெயராக வந்துகொண்டிருந்தன. மேலே, கீழே என்று இடம் பிரிக்கத்தான் விதியை எழுதியவர் போட்டிருப்பார் என்று ஒருவர் வாதிடலாம். வாங்கிக்கொண்டு போனவருக்கு அப்படியா இருந்திருக்கும்?

பெரிய உத்தியோகங்களின் பக்கத்திலும் இதே சொல் பெருமையாக உட்கார்ந்திருந்தது. 1923இல் பிரிட்டிஷ் அரசு லார்டு லீ தலைமையில் ஒரு ராயல் கமிஷன் அமைத்தது. அதன் பெயரிலேயே ‘இந்தியாவின் சுப்பீரியர் சிவில் சர்வீஸ்கள்’ என்று இருந்தது. ஐ.சி.எஸ். (இன்றைய ஐ.ஏ.எஸ்.ஸின் முன்னோடி), போலீஸ், காட்டிலாகா போன்ற பெரிய பணிகளில் இந்தியர்களுக்கு எத்தனை இடம் தருவது என்பதுதான் முக்கியக் கேள்வி. 1924இல் வந்த அறிக்கை, 15 ஆண்டுகளில் ஐ.சி.எஸ்.ஸில் பாதி இந்தியர், பாதி ஐரோப்பியர் என்ற நிலைக்கு வரலாம் என்றது. பப்ளிக் சர்வீஸ் கமிஷனைத் தாமதமில்லாமல் அமைக்கச் சொன்னதும் அதே அறிக்கைதான். 1926 அக்டோபரில் அது அமைந்தது. இன்று நம் பிள்ளைகள் எழுதுகிற யு.பி.எஸ்.சி.யின் பாட்டன் அது. சரி, நல்ல காரியம்தான். ஆனால் மேல் உத்தியோகத்துக்கு ஒரு கமிஷனே கிடைத்தது. கீழே இருந்தவர்களுக்கு ஒரு சொல் மாறவே சுதந்திரம் வாசலுக்கு வர வேண்டியிருந்தது.

அதை மாற்றியதில் ஒரு சென்னைக்காரருக்குப் பங்கு உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்திலும் பிறகு பெடரல் கோர்ட்டிலும் நீதிபதியாக இருந்த சர் எஸ். வரதாச்சாரியார் முதல் ஊதியக் குழுவின் தலைவர். 1947இல் அறிக்கை தந்தார்கள். கடைசிப் படியில் இருப்பவருக்கும் அடிப்படைச் சம்பளம் 30 ரூபாய், பஞ்சப்படி 25, ஆக 55 ரூபாய் என்பதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ‘சபார்டினேட்’ (கீழ்ப்பட்ட), ‘இன்ஃபீரியர்’ என்ற பெயர்களை விட்டுவிட்டு மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு என்று எண்ணால் குறிக்கச் சொன்னதும் அந்தக் குழுதான். எண் என்றாலும் படி படிதானே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கட்டும், நான்காம் வகுப்பு என்று எழுதினால் குறைந்தபட்சம் ஆளைத் தாழ்ந்தவன் என்று சொல்லவில்லை. பிறகு எண் போய் ஏ, பி, சி, டி என்று எழுத்து வந்தது. மத்திய அரசில் ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு டி பிரிவையே சி-யோடு சேர்த்துவிட்டார்கள். நம் மாநிலத்தில் பொங்கல் போனஸ் செய்தியில் ‘சி, டி பிரிவு ஊழியர்கள்’ என்று நீங்களே எழுதுகிறீர்கள். தமிழிலும் ‘கடைநிலை ஊழியர்’ என்பது மெல்ல ‘அடிப்படைப் பணி’ ஆயிற்று, பியூன் ‘அலுவலக உதவியாளர்’ ஆனார். ஆபீசில் சிலர் இதைக் கேலி செய்ததும் உண்டு. கேலி செய்தவர்கள் யாரும் டவாலி வீட்டுப் பிள்ளைகள் இல்லை.

இடமும் தகுதியும் வேறு வேறு என்பதை வள்ளுவர் ‘மேல்’, ‘கீழ்’ இரண்டையும் வைத்தே ஆடிக் காட்டியிருக்கிறார்: “மேலிருந்தும் மேலல்லார் மேலல்லர் கீழிருந்தும் கீழல்லார் கீழல் லவர்.” 973ஆம் குறள். இதில் முதல் ‘மேல்’ நாற்காலி, இரண்டாவது ‘மேல்’ குணம். ‘சுப்பீரியர்’ என்ற சொல்லின் இரு பொருள்களை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வாக்கியம் ஆங்கிலத்திலும் கிடைக்காது. அடுத்த முறை மாணவர் பகுதியில் போடுங்கள்.

ஆங்கிலேயர்களுக்கே இந்தச் சொல்லின் மேல் ஒரு சந்தேகம் உண்டு. ‘சுப்பீரியர் ஏர்’ என்றால் நல்ல காற்று இல்லை. நாம் ‘மிதப்பு’ என்கிறோமே, அது. கர்சன் பிரபு ஆக்ஸ்ஃபோர்டில் பேலியல் கல்லூரியில் படித்தபோது கூடப் படித்தவர்கள் அவரைப் பற்றி ஒரு நையாண்டிப் பாட்டுக் கட்டினார்கள். ‘நான் ஒரு மோஸ்ட் சுப்பீரியர் ஆள்’ என்று அவரே சொல்லிக்கொள்வது போல அது வரும். ஆள் வைஸ்ராயாகி, 1905இல் வங்காளத்தைப் பிரித்து, ஊருக்குத் திரும்பி, வெளியுறவு அமைச்சராகவும் ஆனார். அந்தப் பாட்டு மட்டும் கடைசிவரை அவரை விடவில்லை. இதில் ‘மோஸ்ட்’ இலக்கணப் பிழை ஆயிற்றே என்று உங்கள் மாணவர்கள் கேட்டால், இங்கே அது ஒப்பிடவில்லை, ‘மிகவும்’ என்ற பொருளில்தான் வருகிறது என்று சொல்லலாம்.

வியாபாரத்தில் இந்தச் சொல்லுக்கு வேறு மாதிரி மரியாதை. திருச்செந்தூருக்குக் குடும்பத்தோடு போனபோது என் மகன் செல்போனிலேயே ஒரு விடுதியில் ‘சுப்பீரியர் ரூம்’ பதிவு செய்தான். பெயரைப் பார்த்து நானும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். போய்ப் பார்த்தால் பெட்டியை வைத்தால் கால் வைக்க இடமில்லை. கீழே மேஜையில் இருந்தவரிடம் கேட்டேன். “ஸ்டாண்டர்டுக்கு மேல சுப்பீரியர் சார், அதுக்கு மேல டீலக்ஸ், அதுக்கும் மேல சூட்” என்றார். கடைசியிலிருந்து இரண்டாவது! அவர் சொன்னதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ‘எதற்கு மேல்’ என்று கேட்காமல் பணம் கட்டினால் அப்படித்தான். என் மனைவிக்கு மட்டும் அன்று முழுவதும் சிரிப்பு.

மருந்துச் செய்திகளிலும் இந்தக் கேள்வி வேண்டும். சோதனை முடிவில் ஒரு புது மருந்து ‘நான்-இன்ஃபீரியர்’ என்று வந்தால், பழைய மருந்தைவிட, முன்பே வகுத்த ஒரு எல்லையைத் தாண்டி மோசமில்லை என்றுதான் அர்த்தம். ‘சுப்பீரியர்’ என்று காட்டியிருந்தால் மட்டுமே மேலானது என்று எழுதலாம். இரண்டையும் ‘சிறந்தது’ என்று தலைப்புப் போட்டால் நோயாளி வீட்டில் வீணாக ஆசை வளரும்.

இனி என் வேண்டுகோள். ‘சுப்பீரியர் கோர்ட்’ என்று ஆங்கிலத்தில் சொல்வது உயர் நீதிமன்றங்களையும் உச்ச நீதிமன்றத்தையும். ‘சுப்ரீம்’ என்பது ‘சுப்பீரியர்’ சொல்லின் அடுத்த படி, எல்லாவற்றுக்கும் மேலே. ‘உச்ச’ என்று தமிழில் போட்டவர் வாழ்க. ஆனால் மாவட்டத்தில் இருக்கிற நீதிமன்றங்களுக்கு அரசமைப்புச் சட்டமே ‘சபார்டினேட்’ என்ற தலைப்பில் 233 முதல் 237 வரை பிரிவுகள் வைத்திருக்கிறது. நாமும் ‘கீழமை நீதிமன்றம்’, ‘கீழ் கோர்ட்’ என்று எழுதிப் பழகிவிட்டோம். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு, விசாரணை நீதிமன்றங்களை ‘லோயர் கோர்ட்’ என்று குறிப்பிட வேண்டாம் என்று தன் பதிவகத்துக்கே உத்தரவிட்டது. ஆவணத்தைக்கூட ‘லோயர் கோர்ட் ரெக்கார்டு’ என்று எழுதாமல் ‘டிரையல் கோர்ட் ரெக்கார்டு’ என்று எழுதச் சொன்னது. உச்ச நீதிமன்றம் தன் ஆபீசுக்குள்ளேயே திருத்திக்கொண்டதை நாம் திருத்திக்கொள்ள என்ன தடை? சாட்சியை நேரில் பார்ப்பவர், அழுகையையும் பொய்யையும் முதலில் கேட்பவர் அங்கே உட்கார்ந்திருக்கிற நீதிபதிதான். ‘விசாரணை நீதிமன்றம்’, ‘மாவட்ட நீதிமன்றம்’ என்று அழகான சொற்கள் இருக்கின்றன. தலைப்பில் இரண்டு எழுத்து கூடும் என்பதைத் தவிர நஷ்டமில்லை. அப்பீல் எங்கே போகும் என்று காட்ட வேண்டிய இடத்தில் ‘மேல்முறையீடு’ தாராளமாக இருக்கட்டும். அது வழியைச் சொல்கிற சொல்.

மாணவர் பகுதி எழுதுகிறவரிடம் என் பாராட்டைச் சொல்லுங்கள். பாதித் தெருவும் பரீட்சை எழுதுகிற வீடுகள். ஞாயிறு காலை அந்தப் பக்கத்தைத்தான் முதலில் கிழித்து எடுத்துக்கொள்கிறார்கள். சொல்லுக்குப் பின்னால் பொருள் போடும்போது, இடம், பதவி, தரம் என்று மூன்றையும் ஒவ்வொரு எடுத்துக்காட்டோடு கொடுத்தால் போதும். பூசணிப்பூவின் படம் ஒன்றும் போட்டால் இன்னும் நல்லது.

அடுத்த வாரச் சொல் ‘சீனியர்’ என்று அறிவித்திருக்கிறீர்கள். ‘சீனியர் சிட்டிசன்’ என்பதற்கு எடுத்துக்காட்டு வாக்கியம் தேவைப்படும். ரயிலில் 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்களே, அதை வைத்து ஒன்று போட முடியுமா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவூலக் கண்காணிப்பாளர்,
பாளையங்கோட்டை